இறங்கி உருட்டிய வழி

சைக்கிள் ஓடுவதற்குக் காசு கொடுக்கிற மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்கு அறுபது வயதில்தான் தெரியவந்தது. அதுவும் ஆனி மாத வெயிலில், பஸ் ஓடுகிற ரோட்டில், திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்கு.

தங்கச்சியின் மகனுக்குக் கொழும்பில் ஒரு சுற்றுலாக் கம்பனியில் வேலை. 2018இல் ஒருநாள் பின்னேரம் வந்து, என் வீட்டு விறாந்தையில் லப்ரொப்பை விரித்து வைத்து விஷயத்தைச் சொன்னான்.

“மாமா, வெள்ளைக்காரர் ஏழு பேர் வாறாங்க. மூணு நாள். நீங்க முன்னுக்குச் சைக்கிள் ஓடினாப் போதும்.”

“ஓடி?”

“இடங்களைக் காட்டிக் கதை சொல்லோணும்.”

“ஓடிக்கொண்டோ?”

“நிப்பாட்டி, மாமா. பின்னால வான் வரும். தண்ணி, பழம், மருந்து எல்லாம் அதுல. ஆராவது களைச்சா ஏத்திரலாம்.”

ஏறுவதற்கு ஒரு வான் பின்னாலேயே வந்துகொண்டிருக்க, அதில் ஏறாமல் மிதித்துக்கொண்டு போகிறவர்களின் மனநிலை எனக்குப் பிடிபடவில்லை. அதற்காக அவர்கள் கட்டும் தொகையைக் கேட்டபோது இன்னும் பிடிபடவில்லை. என் பென்சனில் அரை வருடத்துக் காசு அது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். ரிட்டயர் ஆகி இரண்டு வருடம். பேசுவதற்கு வகுப்பறை இல்லாத வாத்தியாரைப் போலப் பாவப்பட்ட பிராணி வேறில்லை.

1994 தொடக்கம் 2006 வரை குச்சவெளியில் ஆங்கிலம் படிப்பித்தேன். நான் பிறந்ததும் அங்கேதான். 1990இல் சண்டை மறுபடி தொடங்கியதும் குடும்பத்தோடு வெளிக்கிட்டு, டவுனில் சொந்தக்காரர் வீட்டுப் பின்னறையில் ஒண்டிக்கொண்டோம். மற்றவர்கள் பிறகு அங்கேயே நிலைத்துவிட்டார்கள். நான் மட்டும் வாத்தியாராகத் திரும்பிப் போனேன். ஞாயிறு மத்தியானம் போனால் வெள்ளி பின்னேரம் வருவேன். பஸ் ஓடுகிற நாளைவிட ஓடாத நாள் கூட. கரியரில் ஐந்து நாளைக்கான அரிசி, ஒரு தேங்காய், திருத்திய கொப்பிக் கட்டு, மண்ணெண்ணெய் அரைப் போத்தல். முப்பத்துநாலு கிலோமீற்றர். நேரே மிதித்தால் இரண்டரை மணித்தியாலம். நேரே மிதிக்க ஆர் விட்டது?

காற்றைப் பற்றி முதலில் சொல்லவேண்டும், அது தெரியாமல் அந்த ரோட்டைத் தெரியாது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் எங்கள் கரையில் கச்சான் வீசும். தென்மேற்கிலிருந்து வருகிற சூடான காற்று, தரையிலிருந்து கடலுக்குப் போவது. அதனால்தான் அந்த மாதங்களில் எங்கள் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், வெள்ளைக்காரர் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை வடக்கே போகும்போது கச்சான் முதுகில் கைவைத்துத் தள்ளும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும்போது நெஞ்சில் கைவைத்து மறிக்கும். மார்கழியில் வாடை திரும்பியதும் கணக்கு நேர்மாறு: போகும்போது மழையும் காற்றும் முகத்தில், வரும்போது தள்ளு. பன்னிரண்டு வருடத்தில் காற்றுக்கும் எனக்கும் கணக்குச் சரி. இதை நான் அந்த ஏழு பேருக்கும் சொல்லி, கச்சான் என்றால் வறுத்து விற்கிற நிலக்கடலைக்கும் அதுதான் பெயர் என்றபோது, ஒருவர் தன் குறிப்புப் புத்தகத்தில் இரண்டையும் அம்புக்குறி போட்டு இணைத்துக்கொண்டார். அம்புக்குறி எதற்கென்று கேட்கவில்லை.

முதல்நாள் காலை ஆறரைக்கு வெளிக்கிட்டோம். அவர்களுக்கு இருபத்தொரு கியர் சைக்கிள். எனக்கும் ஒன்று தந்தார்கள். ஐந்து நிமிடம் ஓடிவிட்டு, என்னுடைய லுமாலா சைக்கிளையே எடுத்துக்கொண்டேன். ஹெல்மெற் மட்டும் போடத்தான் வேண்டும் என்றான் மருமகன். அறுபது வயதில் தலையில் பூசணிக்காய் கவிழ்த்தமாதிரி அந்தச் சாமானோடு டவுனுக்குள் ஓடியபோது, என்னிடம் படித்த பையன் ஒருவன் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, “சேர், சுகமில்லையா?” என்று கேட்டான்.

உப்புவெளியில் போர்க் கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தினோம். வரிசை பிசகாத வெள்ளைக் கற்கள், வெட்டிவிட்ட புல். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி யப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அதே நாளில்தான் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. ஏழு பேரில் ஒரு அம்மா, மற்றவர்கள் வெளியே வந்த பிறகும், நங்கூரம் செதுக்கிய கற்களை மட்டும் தேடித்தேடிப் படித்துக்கொண்டு நின்றார். ஸ்கொட்லாந்துக்காரர். அறுபத்தெட்டு வயது. வீடுவீடாகப் போய்ப் பார்க்கிற தாதியாக வேலைசெய்து ஓய்வுபெற்றவர். அவருடைய தீவில் பெடியன்களெல்லாம் கடற்படைக்கும் கப்பலுக்கும் போனவர்களாம். நான் பேசாமல் நின்றேன். கல்லறையில் நிற்கிறவரிடம் கதை சொல்லக்கூடாது என்பது வழிகாட்டித் தொழிலில் நானாகக் கற்ற முதல் பாடம்.

சாம்பல்தீவுப் பாலம் தாண்டி நிலாவெளி. ஒல்லாந்துச் சோடி ஒன்று, தங்கள் ஊர் வழக்கத்தில் வலப்பக்கமாக ஒதுங்கி ஒதுங்கிப் போய், எதிரே வந்த பஸ் ஒன்றிடம் பேச்சு வாங்கியது. பஸ்காரர் திட்டியதை மொழிபெயர்க்கும்படி கேட்டார்கள். “கவனமாகப் போகட்டாம்” என்று சொன்னேன்.

புறாத்தீவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் போல. படகில் போய் முருகைக்கல்லும் மீனும் பார்த்து வந்தார்கள். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. மாடப்புறாக்கள் பெயரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டன. இப்போது படகுகள்தான் கூடு கட்டி இருக்கின்றன. நான் கரையில் தோணி நிழலில் படுத்துத் தூங்கினேன்.

அங்கிருந்து வடக்கேதான் என்னுடைய ரோடு தொடங்குகிறது. இறக்கக்கண்டியில் களப்பின் வாயைத் தாண்டினால், ஒரு கையில் கடல், மறு கையில் களப்பும் உப்பளமும் பற்றைக் காடும். நான் படிப்பித்த காலத்தில் அது கிரவலும் குழியும். இப்போது காபெற் ரோடு. வழவழவென்று போகிறது. ரோட்டோரம் பிள்ளைகள் பேணியில் பாலைப்பழம் வைத்து விற்றுக்கொண்டு நின்றார்கள். பாலைப்பழம் தெரியாதவர்களுக்கு: விரல்நுனி அளவு, மஞ்சள், தேன் மாதிரி இனிப்பு. அளவுக்கு மிஞ்சித் தின்றால் அதன் பால் உதட்டில் பிசினாக ஒட்டி, வாயைத் திறக்க விடாது. இதை நான் முன்கூட்டியே சொல்லவில்லை. வேண்டுமென்றுதான். பத்து நிமிடத்தில் ஏழு பேரும் உதட்டைத் தடவிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கவும் முடியாமல் நிற்க, விற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வானிலிருந்த சாரதி தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டார்.

அது முடிந்து ஏறி மிதித்து, ஒரு வளைவு திரும்பி, ஒரு வேம்பு தெரிந்தது. நான் இறங்கிவிட்டேன்.

இறங்க நினைக்கவில்லை. வலது கால் தானாகப் பின்சில்லுக்கு மேலால் சுற்றி வந்து தரையில் நின்றது. இடது கை ஹாண்டிலைப் பிடித்தபடி, வலது கை சேட்டுப் பொக்கற்றைத் தேடியது. பத்து அடி உருட்டிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த வேம்படியில் ஒருகாலத்தில் சென்றி இருந்தது. மணல் மூட்டை, தார்ப் பீப்பா, குறுக்கே ஒரு பனங்குத்தி. வேம்பு கண்ணில் பட்டதும் இறங்கவேண்டும். இறங்கி உருட்டிக்கொண்டு வரவேண்டும். சைக்கிளில் இருந்தபடி வந்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. தொப்பி போட்டிருந்தால் கழற்றவேண்டும். இரண்டு கையும் ஹாண்டிலில் இருக்கவேண்டும் என்பதால் அடையாள அட்டையை வாயில் கவ்விக்கொண்டு போவேன். ஆங்கில வாத்தியார், நாற்பது வயது, வாயில் ஐசி. அரிசிப் பையைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். கொப்பிக் கட்டை அவிழ்ப்பார்கள். ஒருமுறை ஒருவன் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கட்டுரையை முழுதாக வாசித்துவிட்டு, நான் கவனிக்காமல் விட்ட ஒரு பிழையை விரலால் காட்டினான். சரிதான், பிழைதான். பிறகு சீற்றைக் கழற்றச் சொல்வார்கள், குழாய்க்குள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க. அதற்காகவே ஒரு ஸ்பானரைச் சாரக் கட்டில் சொருகி வைத்திருப்பேன். கழற்றிப் பூட்டிக் கழற்றிப் பூட்டி அந்தச் சீற்றின் மரை தேய்ந்து, மிதிக்க மிதிக்க மெல்லக் கீழே இறங்கும். குச்சவெளி போய்ச் சேரும்போது முழங்கால் நாடியில் இடிக்கும் உயரத்தில் உட்கார்ந்திருப்பேன்.

2018இல் வேம்பு மட்டும் நின்றது. மணல் மூட்டை இருந்த இடத்தில் எருக்கலை. பின்னால் வந்த ஏழு பேரும் ஒவ்வொருவராகப் பிறேக் பிடித்து, இறங்கி, என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்லவேண்டும். வாய் வரவில்லை. பாலைப்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாதி அம்மா தன் போத்தலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் குடித்தார்கள். வான் வந்து நின்றது. மருமகன் வாழைப்பழம் கொடுத்தான். “நல்ல இடம்” என்றார் ஒல்லாந்துக்காரர், மேலே பார்த்து. நிழலைச் சொன்னார்.

குச்சவெளியில் இரவு தங்கல். கடற்கரையில் ஒரு சின்ன விடுதி. அதற்கு முன்னால் ஊர் எல்லையில் ஒருவருடைய ரயர் போனது. ஆயிரக்கணக்கில் விலையுள்ள ரயர்; குத்தியது நெருஞ்சி முள். கம்பனியின் ரெக்னீசியன் பெடியன் புது ரியூபைப் போட்டுவிட்டுப் பழையதைக் குப்பைக் கூடைக்குள் எறிந்தான். அதைப் பொறுக்க என்னால் முடியவில்லை. எடுத்துக்கொண்டு பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன்.

“வாங்க சேர்!” கடைக்காரன் என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவன். ஆங்கிலத்தில் ஒருநாளும் முப்பதுக்கு மேல் எடுக்காதவன், இப்போது வெள்ளைக்காரரிடம் நாலு பாஷையில் பிளேன்ரீ விற்கிறான். பேசினில் தண்ணீர் ஊற்றித் தந்தான். ரியூபில் காற்றடித்து, தண்ணீருக்குள் பிடித்து, கைகளால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு போனேன். ஓரிடத்தில் ஊசிமுனைக் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன. அந்த இடத்தைத் துடைத்து, அரத்தாளால் உரஞ்சி, சொலிசன் பூசி, ஊதிக் காயவைத்து, ஒட்டுத்துண்டை வைத்து, கடையின் பாக்குவெட்டிப் பிடியால் தட்டி அமுக்கினேன். தாதி அம்மா பக்கத்து வாங்கில் இருந்து தேத்தண்ணியோடு முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். தன் தகப்பனும் இப்படித்தான், ஆனால் பேசினுக்குப் பதில் கடலில் வைத்துத்தான் ஓட்டை பிடிப்பார் என்றார். அப்படித்தான் எங்கள் பேச்சுத் தொடங்கியது.

அவர் ஊர் லூயிஸ். ஸ்கொட்லாந்தின் வடமேற்கே, வெளி ஹெப்ரிடீஸ் என்கிற தீவுக் கோவையில் வடக்குப் பக்கம். வட்டர்சே என்ற தென்கோடித் தீவிலிருந்து லூயிஸின் வடமுனை வரைக்கும் பத்துத் தீவுகளைக் கோத்து, 2016இல் ஒரு சைக்கிள் வழி திறந்தார்களாம், 297 கிலோமீற்றர். அங்கேயும் ஆட்கள் காசு கட்டி, வழிகாட்டியை வைத்து, பின்னால் வானோடு ஓடுகிறார்கள். எல்லோரும் தெற்கேயிருந்து வடக்கே போவார்கள். அங்கேயும் பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுத்தான், முதுகில் தள்ளும். “அப்ப திரும்பி வரும்போது?” என்றேன். திரும்பி வர ஆரும் ஓடுவதில்லை, கப்பலில் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றார். கச்சானை ஒரு பக்கம் மட்டும் அனுபவிக்கிறவர்கள்! உல்லாசப் பயணம் என்றால் என்ன என்று எனக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது.

மடித்த வரைபடம் ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து வாங்கில் விரித்தார். கடலுக்குள்ளே சிதறிய தேங்காய்ச் சிரட்டைகள் மாதிரித் தீவுகள். இடையில் இரண்டு இடத்தில் மட்டும் கப்பல். ஆறு இடத்தில் கல் கொட்டிக் கட்டிய பாதை. “தாம்போதி” என்றேன். சொல்லிப் பார்த்தார். கப்பலுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. களப்பிலும் ஆற்றிலும் ஆளையும் சைக்கிளையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவைக்குக் கிழக்கில் எங்கள் சொல் ‘பாதை’. “பாதை வந்திட்டுதா?” என்று கரையில் நின்று கேட்போம். நிற்கிற நிலம் பாதையில்லை, வருகிறதுதான் பாதை. இதை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தக் கால் மணித்தியாலம் பிடித்தது. அவருடைய தாய்மொழி கேலிக். சின்ன வயதில் வீட்டில் கேலிக் பேசி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் பேசியவர். அதனால்தானோ என்னவோ, கடைசியில் என்னைவிட நன்றாக விளங்கிக்கொண்டார்.

வட்டர்சேக்குத் தாம்போதி வந்த கதையையும் சொன்னார். முன்பு அந்தத் தீவு மாடுகளை அக்கரைக்குக் கடலில் நீந்தவிட்டுத்தான் கொண்டுபோவார்கள். 1986இல் நல்லசாதிப் பொலிகாளை ஒன்று அப்படி நீந்தும்போது அமிழ்ந்து செத்துப்போனது. பேப்பர்களில் எல்லாம் வந்தது. 1991இல் தாம்போதி கட்டி முடிந்தது. ஒரு மாட்டுக்காகவா என்று கடைக்காரன் வாயைப் பிளந்தான். மூன்று வருடம் கழித்து, 2021 கார்த்திகையில், கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடக்கிறதென்று தற்காலிகமாக ஓடவிட்ட பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன சின்னப் பிள்ளைகள் இறந்த அன்று, அவன் எனக்கு ரெலிபோன் எடுத்தான். “சேர், அந்த மாடு ஞாபகம் இருக்கா?” என்று மட்டும் கேட்டான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

தாதி அம்மாவின் தீவு ரோடுகள் பல இடத்தில் ஒற்றை வாகன அகலம்தான். எதிரே வருகிறவருக்கு ஒதுங்கி வழிவிட அங்கங்கே விரித்து, இது ஒதுங்குமிடம் என்று பலகை நட்டிருப்பார்களாம். இரண்டு பேரில் ஆர் ஒதுங்குவது என்று சண்டை வராதா என்றேன். வராது, ஒதுங்கினவருக்கு மற்றவர் கை காட்டிவிட்டுப் போவார் என்றார். திருகோணமலைப் பஸ்ஸில் இதைச் சொன்னால் கண்டக்டர் என்னை இறக்கிவிடுவார்.

இருட்டிய பிறகு கடற்கரையில் இருந்தோம். நான் எங்கே பிறந்தேன் என்று தாதி அம்மா கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். விடுதி வெளிச்சத்துக்கு அப்பால் ஒரு நானூறு மீற்றர். இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நல்லவர்கள், நாங்கள் முறையாக விற்றதுதான் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். ஏன் அந்த அவசரம் என்று எனக்கே புரியவில்லை. 1990 ஆனியில் வெளிக்கிட்டபோது என் அம்மா அடுப்பில் உலை வைத்திருந்தா. அரிசி போட்டாயிற்று. இறக்கிவிட்டு வாறேன் என்றவவை அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சாகும்வரைக்கும் அம்மா அந்தப் பானையைப் பற்றிக் கதைப்பா. வீட்டைப் பற்றியல்ல. “அடிப்பிடிச்சிருக்கும்” என்பா.

தாதி அம்மா சென் கில்டாவைப் பற்றிச் சொன்னார். லூயிஸுக்கும் மேற்கே, அத்திலாந்திக்கில் தனித்துக் கிடக்கிற பாறைத் தீவு. கடற்பறவையும் முட்டையும் தின்று நூற்றாண்டுகளாக இருந்த சனம், குறைந்து குறைந்து கடைசியில் முப்பத்தாறு பேர். தாங்களே அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டு, 1930 ஓகஸ்ட் 29ஆம் தேதி கப்பலேறிப் போனார்கள். போகும்போது ஒவ்வொரு வீட்டிலும் வேதப்புத்தகத்தைத் திறந்துவைத்து, பக்கத்தில் ஒரு சின்னக் குவியல் ஓட்ஸ் தானியத்தையும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்களாம். இப்போது அந்த வீடுகளைப் பார்க்கவும் சுற்றுலாப் படகு போகிறது.

“தானியம் வைத்துவிட்டுப் போக நேரம் இருந்திருக்கிறது” என்றேன். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக்கூடாதோ என்று பட்டது. அவர் என் முழங்கையில் ஒருதரம் தட்டினார், நோயாளியைத் தட்டுகிற மாதிரி. அலை அடித்துக்கொண்டிருந்தது. எழும்பிப் படுக்கப் போனோம்.

மறுநாள் விடிய, கடலோரப் பாறையில் கல்வெட்டைக் காட்டினேன். கட்டம் கட்டமாகச் சின்னச் சின்னத் தூபிகள் செதுக்கியிருக்கும். பக்கத்தில் சமஸ்கிருத எழுத்து. நாங்கள் சின்னனில் அதன்மேல் நெத்தலி காயப்போடுவோம். அதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது எல்லோரும் படம் எடுத்தார்கள்.

கரைவலை இழுப்பு நடந்துகொண்டிருந்தது. முன்பு முப்பது நாற்பது பேர் இரண்டு வரிசையாகக் கயிற்றை இடுப்பில் கொழுவி, அம்பாப் பாட்டுப் பாடி இழுப்பார்கள். நாங்கள் போனபோது உழவு மெசினில் உருளை பூட்டிச் சுற்றினார்கள். பாட்டு இல்லை, டீசல் மணம். மடி கரைக்கு வரும்போது மட்டும் பழையபடி ஆட்கள் ஓடினார்கள். ஒல்லாந்துக்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கிக் கயிறு பிடித்தார். சம்மாட்டி அவருக்கு மூன்று பாரைக்குட்டி கொடுத்தார், பங்கு என்று. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு திரியாய் வரைக்கும் காகங்கள் பின்தொடர ஓடினார்.

திரியாயில் கம்பனிக் கடதாசியில் இருந்தது: பண்டைய பௌத்த வட்டதாகே, தொண்ணூறு நிமிடம். மலையேறினால் தூபியைச் சுற்றி வட்டமாகக் கல்தூண்கள், தூரத்தில் கடல். பாறையில் பல்லவ கிரந்தச் சாயலுள்ள எழுத்தில் சமஸ்கிருதம். திரபுசர், வல்லிகர் என்ற வணிகர் பெயரோடு சேர்த்து அந்தத் தூபியைப் புகழ்கிறது. கப்பலேறிப் போன வணிகர்களின் கதை என்பதால் எனக்கு அந்தக் கல்லில் நல்ல விருப்பம். கீழே வயல்காரர் அந்த மலையைக் கந்தசாமிமலை என்பார்கள். எது சரியான பெயர் என்று ஒருவர் கேட்டார். கல்வெட்டு வாசிக்கிறவருக்கு ஒன்று, வயலில் நிற்கிறவருக்கு ஒன்று என்றேன். அந்தப் பதில் அன்றைக்குப் போதுமாக இருந்தது. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்று வந்து, தொடக்கத்தில் அதில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இல்லாமலிருந்த பிறகு, அதே படியில் நின்று அதே இரண்டு பெயரையும் சொல்லும்போது ஒருதரம் சுற்றிவரப் பார்த்துவிட்டுச் சொல்கிற பழக்கம் எனக்கு வந்திருக்கிறது.

யான் ஓயாப் பாலத்தில் நிறுத்தச் சொன்னது நான். கடதாசியில் இல்லை. ஒருகாலத்தில் அங்கே பாதை ஓடியது என்று காட்டினேன். அம்மா பாலத்துக் கைபிடியில் சாய்ந்து, கீழே ஆற்றைப் பார்த்து, “பாதை வந்திட்டுதா?” என்று தமிழில் கேட்டார். உச்சரிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு போடலாம்.

புல்மோட்டைக் கடற்கரையில் மணல் கறுப்பு. இல்மனைற்று. வெயிலில் கால் வைக்க முடியாது. 1957இல் கனியமணல் கூட்டுத்தாபனம் தொடங்கியதிலிருந்து அள்ளுகிறார்கள்; அலை மறுபடி கொண்டுவந்து போடுகிறது. அதற்கு அப்பால் கொக்கிளாய்க் களப்பின் வாய். அக்கரை முல்லைத்தீவு மாவட்டம், கண்ணுக்குத் தெரிகிற தூரம். ரோட்டால் போவதென்றால் களப்பை வளைத்து மணிக்கணக்கான சுற்று. மூன்றாம் நாள் படகுகளில் சைக்கிள்களை இரண்டிரண்டாக ஏற்றினோம். என் லுமாலாவை ஏற்றவில்லை. என் வேலை இக்கரையோடு சரி. அம்மா அந்த வரைபடத்தை என் கையில் வைத்தார். படகு நடுவில் போகும்போது, லூயிஸ் வழக்கப்படி கை காட்டினார், ஒதுங்கினவருக்குக் காட்டுகிற மாதிரி.

நான் தனியே, கச்சானை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, வீடு வந்து சேர்ந்தேன்.

2019 ஈஸ்டர்க் குண்டுகளோடு வெள்ளைக்காரர் வரத்து நின்றது. பிறகு கொரோனா. பிறகு 2022. அந்த வருடம் பெற்றோல் வரிசையில் மூன்று நாள் நான்கு நாள் கிடந்த ஊர், கியூஆர் கோட்டுக்கு அளந்து வாங்கிய ஊர், பழைய சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்தது. புதுச் சைக்கிள் கைக்கு எட்டாத விலை. எனக்குச் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. பிரதேச செயலகத்து ஆட்களும் டொக்டர்மாரும் முழுக்கைச் சேட்டோடு மிதித்தார்கள். ரியூப் ஒட்ட என் வீட்டுப் படலையில் ஆட்கள் நின்றார்கள். பேசின் ஒன்றைப் பிறிம்பாக அதற்கென்றே வைத்திருந்தேன். காசு வாங்கவில்லை, ஆனால் மாங்காய், முட்டை, ஒருமுறை அரைக்கிலோ சீனி.

2023இல் கம்பனி மறுபடி தொடங்கியது. மருமகன் புதுக் கடதாசியை அனுப்பினான், இப்போது வர்ணத்தில், நேரமெல்லாம் போட்டு. முதல் நாள் வரிசையில் பாலைப்பழத்துக்கும் குச்சவெளிக்கும் இடையில் இப்படி இருந்தது: காலை 10.40, வேம்படி, தண்ணீர் அருந்த நிறுத்தம், பதினைந்து நிமிடம்.

அந்தமுறை என்னோடு ஓடிய புதுப் பெடியனுக்கு இருபத்துநாலு வயது. போர் முடியும்போது பத்து. வளைவு திரும்பி வேம்பு தெரிந்ததும் நான் இறங்கினேன். பின்னால் ஒன்பது பேர் இறங்கினார்கள். வேம்பு போன மழைக்குப் பட்டு, கிளையெல்லாம் வெட்டிவிட்டு வெறும் அடிமரமாக நின்றது.

“ஐயா, நிழலே இல்லையே. கொஞ்சம் தள்ளிப் போனா ஒரு கடை இருக்கு, அங்க நிப்பாட்டலாம்தானே?” என்றான் பெடியன்.

“கடதாசியில இதுதான் போட்டிருக்கு, தம்பி” என்று சொல்லி, போத்தல் மூடியைத் திருகினேன்.